பயமுறுத்தினால் பையன் திருந்துவானா?

கேள்வி: என் அக்கா மகனுக்கு 16 வயது. கைப்பேசி திருடிப் பிடிபட்டான். இதுதான் முதல் தடவை. சிறைக்குள் கூட்டிப்போய்க் காட்டினால் பயந்து திருந்துவான் என்கிறார் மாமா. செய்யலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். அமெரிக்காவில் 1970களில் சிறுவர்களைச் சிறைக்குக் கூட்டிப்போய், ஆயுள் கைதிகளைக் கொண்டு மிரட்டினார்கள். இத்தகைய திட்டங்களில் சேர்த்தவர்களையும் சேர்க்காதவர்களையும் குலுக்கல் முறையில் பிரித்து ஒப்பிட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, போய்வந்தவர்களே அதிகமாக மறுபடி குற்றம் செய்திருந்தார்கள். கூட்டாளி "வாடா" என்று கூப்பிடும் நேரத்தில் என்ன சொல்லி விலகுவது என்பதைப் பயம் கற்றுக்கொடுப்பதில்லை.

முதல் தடவை சிறு தவறு செய்தவனை நீண்ட, கடுமையான சிகிச்சையில் தள்ளுவதும் கெடுதல்தான். பள்ளி நின்றுபோகும், புதுக் கூட்டாளிகள் சேர்வார்கள். பொருளைத் திருப்பிக் கொடுக்க வையுங்கள். படிப்பு தடைபடாமல் பாருங்கள். அன்று யாருடன் இருந்தான், சற்றுமுன் என்ன நடந்தது என்று நிதானமாகக் கேளுங்கள். வீட்டில் ஓயாத சண்டை என்றால் குடும்பமாக ஆலோசகரைப் பாருங்கள். அதற்கென்றே உள்ள குடும்பச் சிகிச்சை பொதுவாக 12 முதல் 14 அமர்வுகளில் முடியும்.

கேள்வி: சிறார் இல்லத்தில் வேலை பார்க்கிறேன். கோபக் கட்டுப்பாட்டு வகுப்பில் சண்டைக் காட்சியில் அடங்கிப் போவதை நன்றாக நடித்துக் காட்டும் பையன், வெளியே வந்ததும் கை நீட்டுகிறான். எங்கே தவறு?

பதில்: கோப வகுப்பு மட்டும் நடக்கிறதா? அடிதடியில் இறங்கும் சிறுவர்களுக்காக ஆர்னால்ட் கோல்ட்ஸ்டீன், பாரி க்ளிக் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் 1987இல் வெளியிட்ட பயிற்சி 10 வாரம், வாரத்துக்கு 3 அமர்வு. ஒன்று கோபத்துக்கு, ஒன்று மற்றவர்களோடு பழகும் திறனுக்கு, ஒன்று நியாய அநியாயம் பற்றிய விவாதத்துக்கு. பல இடங்களில் முதலாவதை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். அடிக்காதே என்றால் போதாது, அந்த இடத்தில் என்ன செய்வது என்றும் பழக்க வேண்டும்.

கோபம் வரும்போது அவன் செய்ய வேண்டிய வரிசை இதுதான்: எது சீண்டியது, உடம்பில் முதலில் தெரிந்தது என்ன (தாடை இறுக்கம், காது சூடு), மூச்சை இழுத்துவிடுவது அல்லது பின்னோக்கி எண்ணுவது, தனக்குத்தானே சொல்லும் ஒரு வரி, அடித்தால் அடுத்து என்ன ஆகும் என்ற யோசனை, பிறகு பழகிய திறன், கடைசியில் சுயமதிப்பீடு. நடிப்புக்குக் கற்பனைச் சண்டை உதவாது. அந்த வாரம் அவனுக்கே நடந்ததை எடுங்கள். அதற்காகத்தான் சண்டைக் குறிப்பேடு, அதாவது தனக்கு நேர்ந்த சண்டைகளை அவனே எழுதிவைக்கும் நோட்டு. அதை வைத்து ஒருமுறை தண்டித்துவிட்டால் பிறகு பொய்தான் எழுதுவான். இரவுப் பணியாளருக்கும் இந்த வரிசை தெரிந்திருக்க வேண்டும். சண்டை மூளுவது வராந்தாவில்தானே!

இன்னொன்று: ஒருவன் தன் திருட்டைப் பெருமையாகச் சொல்லும்போது மற்றவர்கள் சிரித்தால், அந்தச் சிரிப்பே பாடமாகிவிடும். இரண்டு பயிற்றுநர் இருங்கள். ஒருவர் நடத்தட்டும், மற்றவர் இந்தச் சிரிப்பைக் கவனித்துப் பேச்சைத் திருப்பட்டும்.

கேள்வி: செய்ததற்கு வருத்தமே இல்லாதவனுக்குச் சிகிச்சை வீண்தானே?

பதில்: இல்லை. வருத்தத்தை வற்புறுத்தினால் மன்னிப்பு வசனம்தான் வரும். முதலில் தூக்கம், வாங்கிய அடி, பார்த்த வன்முறை ஆகியவற்றை விசாரியுங்கள். எழுத்துப் பயிற்சித் தாளைக் கொடுக்குமுன் அவனுக்கு வாசிக்க வருகிறதா என்றும் பாருங்கள். வாசிக்கத் தெரியாத வெட்கம், பல நேரம் ஒத்துழைக்க மறுப்பதுபோலத் தெரியும்.