காசு கொடுத்து வாங்கிய கனெக்டர் அழிக்க மாட்டேன் என்கிறது

கேள்வி: கிளவுடில் இருக்கும் எங்கள் சிஆர்எம் (வாடிக்கையாளர் விவரங்களை நிர்வகிக்கும் மென்பொருள்) தரவை டாட்நெட் நிரலிலிருந்து கையாள, இரண்டையும் இணைக்கும் ஒரு கனெக்டருக்கு ஓராண்டுச் சந்தா கட்டினேன். படிப்பது, சேர்ப்பது, திருத்துவது எல்லாம் நடக்கிறது. அழிப்பது மட்டும் நடக்கவில்லை. டேட்டாடேபிளில் (நிரல் நினைவகத்தில் வைத்திருக்கும் அட்டவணையில்) வரிசை போய்விடுகிறது. கிளவுடில் அப்படியே இருக்கிறது. எர்ரரும் வருவதில்லை. பணத்தைத் திருப்பிக் கேட்கலாமா?

பதில்: கேட்கலாம். ஆனால் எர்ரர் வரவில்லை என்கிறீர்களே, அதுதான் எனக்கு இடிக்கிறது. மெயில் அனுப்பும் முன் நிரலில் வரிசையை ‘டெலீட்’ செய்கிறீர்களா, ‘ரிமூவ்’ செய்கிறீர்களா என்று பாருங்கள். இரண்டும் ஒன்றல்ல. டெலீட் என்றால் வரிசை டேபிளிலேயே இருக்கும், அழிக்க வேண்டியது என்ற குறியோடு. டேபிளுக்கும் கிளவுடுக்கும் நடுவே தரவைக் கொண்டுபோய்வரும் அடாப்டரின் ‘அப்டேட்’ அந்தக் குறியைப் பார்த்துத்தான் கிளவுடுக்கு அழிக்கும் கட்டளையை அனுப்பும். ரிமூவ் வரிசையையே தூக்கி எறிந்துவிடும். வருகைப் பதிவேட்டில் பெயரைச் சிவப்பு மையால் அடித்தால் கணக்கெடுப்பவர் பார்ப்பார். தாளையே கிழித்துவிட்டால் எதைப் பார்ப்பார்?

அப்டேட்டுக்கு முன்னாலேயே ‘அக்செப்ட் சேஞ்சஸ்’ (மாற்றங்கள் முடிந்ததாக ஏற்கும் கட்டளை) கூப்பிட்டிருந்தாலும் இதே கதைதான், குறி போய்விடும். மாறாக, அடாப்டரில் டெலீட் கமாண்டே இல்லையென்றால் அப்டேட் எக்செப்ஷன் (எர்ரர்) வீசும். கமாண்டுகளைத் தானே எழுதித் தரும் கமாண்ட் பில்டரை நம்பியிருந்து, தரவை எடுக்கும் செலக்ட் வரியில் பிரைமரி கீ (ஒவ்வொரு வரிசைக்கும் உரிய தனி அடையாளம்) இல்லாமல் போனாலும் அப்படித்தான். அதாவது கோளாறு அடாப்டர் பக்கம் என்றால் பெரும்பாலும் சத்தம் கேட்டிருக்கும். (ரிமூவை வைத்துக்கொண்டு ஒரு சப்போர்ட் ஆளிடம் அரை நாள் மல்லுக்கு நின்றவன் நான். கடைசியில் அவர் ஒரே வார்த்தையில் பதில் போட்டார்.)

சோதிப்பது எளிது. ஒரே ஒரு ரெக்கார்டை டெலீட் செய்து, அப்டேட் திருப்பித் தரும் எண்ணை அச்சிடுங்கள். 0 வந்தால் உங்கள் நிரலைத் தேடுங்கள். 1 வந்தும் ரெக்கார்டு இருந்தால், அந்தப் பத்து வரி நிரலையே விற்றவருக்கு அனுப்பிப் பணத்தைக் கேளுங்கள். ஒன்று மட்டும்: உங்கள் சிஆர்எம் சேல்ஸ்ஃபோர்ஸாக இருந்தால் அழித்தது 15 நாள் ரீசைக்கிள் பின்னில் கிடக்கும். அதைப் பார்த்துவிட்டு அழியவில்லை என்று சண்டைக்குப் போகாதீர்கள்.

சந்தாவைப் புதுப்பிக்கும் முன் இன்னொன்றையும் பாருங்கள். அடாப்டரின் ‘அப்டேட் பேட்ச் சைஸ்’ (ஒரு தடவையில் சேர்த்து அனுப்பும் வரிசைகளின் எண்ணிக்கை) சும்மா விட்டால் 1. பத்தாயிரம் வரிசை அழித்தால் பத்தாயிரம் தடவை போய்வரும், சிஆர்எம்மின் தினசரி ஏபிஐ வரம்பு (வெளி நிரல்கள் ஒரு நாளில் அதை அழைக்கக்கூடிய எண்ணிக்கை) அதிலேயே காலியாகலாம். சேல்ஸ்ஃபோர்ஸின் சோப் (SOAP) என்ற ஏபிஐ வகையில் ஒரே அழைப்பில் 200 ரெக்கார்டு வரை அழிக்க முடியும். நீங்கள் வாங்கிய கனெக்டர் அப்படிச் சேர்த்து அனுப்புகிறதா என்பதுதான் கேள்வி. பேட்ச் உண்டு என்று விளம்பரத்தில் போட்டிருப்பதை நம்ப வேண்டாம். ஆயிரம் போலி ரெக்கார்டு போட்டு அழித்து, முன்னும் பின்னும் ஏபிஐ எண்ணிக்கையைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அஷூர் எஸ்க்யூஎல்லில் (மைக்ரோசாஃப்டின் கிளவுட் டேட்டாபேஸில்) பாதி ரெக்கார்டுகளை அழித்தேன். பில் குறையவே இல்லையே?

பதில்: குறையாது. வழக்கமான விகோர் (vCore) கட்டணத் திட்டத்தில் நீங்கள் வைத்த உச்ச அளவுக்குத்தான் ஸ்டோரேஜ் கட்டணம், உள்ளே எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பதற்கு அல்ல. அழித்த இடம் ஃபைலுக்குள் காலியாகக் கிடக்கும், தானாகச் சுருங்காது. முதலில் ஷ்ரிங்க் செய்து (ஃபைலைச் சுருக்கி), அப்புறம் உச்ச அளவைக் குறையுங்கள். தவறாக எதையாவது அழித்திருந்தால் பழைய நேரத்துக்கு மீட்க, மாற்றாமல் விட்டிருந்தால், 7 நாள்தான் அவகாசம். அதனால் ஷ்ரிங்குக்கு முன் அதைச் சரிபாருங்கள்.