ஒலிப்பெருக்கி கேள்வி – பதில்: மிட்பாஸ் ஹார்னுக்கு எந்த வடிவம்?

கேள்வி: எங்கள் பழைய வீட்டின் பட்டாலையை (கூடத்தை) ஒட்டிய பெரிய அறைக்கு, 12 அங்குல டிரைவரை (ஒலி எழுப்பும் ஸ்பீக்கரை) வைத்து மிட்பாஸ் ஹார்ன் (நடு-கீழ் சுரங்களுக்கான, விரிந்துகொண்டே போகும் குழல்) செய்யப் போகிறேன். 80 முதல் 400 ஹெர்ட்ஸ் வரை பாடினால் போதும். எக்ஸ்பொனென்ஷியல், டிராக்ட்ரிக்ஸ், கோனிகல் என்ற மூன்று விரிவு வடிவங்களில் எதை எடுப்பது? மூலையில் வைத்தால் வாய் (ஒலி வெளியேறும் அகன்ற முனை) சிறிதாக இருக்கலாம் என்கிறார்களே?
– வாசகர், காரைக்குடி

பதில்: எக்ஸ்பொனென்ஷியலை (சம தூரத்துக்கு ஒருமுறை பரப்பு இரட்டிக்கும் வடிவத்தை) எடுங்கள். கோனிகல் (நேர்க்கூம்பு) ஒலியைச் சீரான கோணத்தில் பரப்பும், ஆனால் கீழ் அலைவரிசையில் டிரைவருக்குப் போதிய பிடி கொடுக்காது. டிராக்ட்ரிக்ஸ் (வாய்ப்பக்கம் வேகமாக விரியும் வளைவு) நீளம் குறைவு. அதன் பலன் முழுதாக விரிந்த வாயில்தான் கிடைக்கும், இடமில்லை என்று வாயை நறுக்கினால் அதை எடுத்ததற்கே அர்த்தமில்லை. ஹைபர்பாலிக் (டிரைவர் பக்கம் இன்னும் மெதுவாக விரியும் இன்னொரு வடிவம்) 80 ஹெர்ட்ஸை இன்னும் நன்றாகப் பிடிக்கும், ஆனால் ஹார்ன் நீண்டுகொண்டே போகும்.

உண்மையில் வடிவத்தின் பெயரைவிட வாயின் அளவுதான் முக்கியம். வாய் சிறுத்தால் ஒலி வெளியே போகாமல் தொண்டைக்கே (டிரைவர் இருக்கும் குறுகிய முனைக்கே) திரும்பும். சில சுரங்கள் முழங்கும், சில அமுங்கும். அதை ஈக்வலைசரால் சரிசெய்ய முடியாது.

கட்-ஆஃப் (ஹார்ன் வேலை செய்யும் கீழ் எல்லை) 70 ஹெர்ட்ஸ் என்று வையுங்கள். நம் ஊர் வெக்கையில் ஒலியின் வேகம் நொடிக்கு சுமார் 350 மீட்டர். அலைநீளம் 5 மீட்டர். திறந்த வெளியில் வாய்க்கு 2 சதுர மீட்டர் வேண்டும். தரையில் வைத்தால் 1, தரையும் ஒரு சுவரும் சேர்ந்தால் 0.5 போதும். மூலைக்கு 0.25 என்ற கணக்கு, வாயே மூலையில் இருந்தால்தான் செல்லும். உங்கள் ஹார்னின் வாயோ பின்சுவரிலிருந்து ஒன்றரை மீட்டர் தள்ளி நிற்கும். ஆகவே 0.5-க்கே கட்டுங்கள். செட்டிநாட்டு வீட்டின் கனத்த சுவர் இதற்கு அருமையான துணை. ஆனால் வளவுப் (உள்முற்றத்து) பக்கம் வாசலும் சன்னலுமாக இருக்கும் சுவரை நம்பாதீர்கள்.

தொண்டை, டிரைவரின் அசையும் கோனின் பரப்பில் பாதி: 265 சதுர செ.மீ. அங்கிருந்து ஹார்னின் குறுக்குப் பரப்பு 27.6 செ.மீ.க்கு ஒருமுறை இரட்டிக்க வேண்டும். சதுர வெட்டாகச் செய்தால் பக்க அளவு தொண்டையில் 16.3 செ.மீ., பிறகு தொண்டையிலிருந்து 27.6 செ.மீ. தூரத்தில் 23, 55-இல் 32.6, 83-இல் 46, 110-இல் 65, 117-இல் 70.7. இந்தப் புள்ளிகளுக்கு இடையே நேர்ப்பலகை போதும், வளைக்கத் தேவையில்லை. தரையையும் சுவரையும் தொடும் இரு பக்கங்களைத் தட்டையாக விட்டு, மற்ற இரண்டை மட்டும் விரித்தால் ஆசாரிக்கு வேலை பாதி. மடிக்காதீர்கள், 400 வரை போவதால் மடிப்புகளில் மேல் சுரங்கள் கெடும்.

டிரைவருக்குப் பின்னால் வரும் பெட்டி காற்றுப் புகாமல் மூடியிருக்க வேண்டும். டிரைவரின் விஏஎஸ் (கோனின் தாங்கிகளின் நெகிழ்வுக்குச் சமமான காற்றின் அளவு) 80 லிட்டர் என்றால் பெட்டி ஏறக்குறைய 29 லிட்டர். டிரைவர் வாங்கும்போது எஃப்எஸ்ஸை (டிரைவரின் இயல்பு அதிர்வெண்ணை) இரண்டால் பெருக்கி க்யூடிஎஸ்ஸால் (அதிர்வு எவ்வளவு அடங்கும் என்று காட்டும் எண்ணால்) வகுத்துப் பாருங்கள்: 50 ஹெர்ட்ஸ், 0.25 என்றால் 400. விடை அதற்குக் குறைந்தால் மேல்பகுதி அமுங்கும். 80-இல் ஹைபாஸ் (அதற்குக் கீழான ஒலியைத் தடுக்கும் வடிகட்டி) கட்டாயம் போடுங்கள். கட்-ஆஃபுக்குக் கீழே ஹார்ன் கோனைத் தாங்காது, கோன் வீணாகத் துள்ளும்.

கேள்வி: வீட்டில் கிடக்கும் பழைய பர்மா தேக்குப் பலகையில் ஹார்ன் கட்டலாமா?
– வாசகர், தேவகோட்டை

பதில்: வேண்டாம். மழைக்கும் வெயிலுக்கும் பலகை அகலவாக்கில் விரிந்து சுருங்கும். இத்தனை அகலத்தில் மூட்டு பிரிந்து காற்றுக் கசியும். 18 மி.மீ. மெரைன் பிளைவுட் எடுங்கள். வாய்ப்பக்கப் பலகைகளுக்கு வெளியே குறுக்குச் சட்டம் அடித்து, விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். ‘தொம்’ என்று அதிரும் இடத்தில் இன்னொரு சட்டம் வேண்டும். தேக்கை வாயின் விளிம்புச் சட்டத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.