வாசகர் கேள்வி நேரம்: போறப்போ எழுதினதையெல்லாம் அழிச்சுட்டுப் போகலாமா?

கேள்வி (ஒரு வாசகி, சேலம்): மேடம், மாடித்தோட்டக் குழு ஒண்ணுல பல வருஷமா எழுதிட்டு வர்றேன். மாவுப்பூச்சி, மண்கலவை, ரோஜா பதியம்னு ஏகப்பட்ட பதிவு. இப்ப அட்மினோட மனஸ்தாபம், வெளியேறப் போறேன். போறதுக்கு முன்னாடி என் பதிவு அத்தனையும் டெலீட் பண்ணிடலாம்னு இருக்கேன். நான் எழுதினதுதானே? என் பொண்ணு மட்டும் வேணாம்மாங்கறா.

பதில்: நீங்க எழுதினது உங்களோடதுதான். காப்பிரைட்டும் எழுதினவங்களுக்குத்தான், குழு நடத்துறவங்களுக்கு இல்ல. ஆனாலும் நான் உங்க பொண்ணு பக்கம்.

பேஸ்புக் மாதிரி இடத்துல மேல இருக்கற பதிவை அழிச்சா கீழ மத்தவங்க எழுதின கமெண்ட்டும் கூடவே போயிடும். செம்பருத்தியில மாவுப்பூச்சின்னு நீங்க ஒண்ணு போட்டிருப்பீங்க, லிட்டர் தண்ணிக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், அது கரைய கொஞ்சம் காதி சோப்புன்னு சொல்லியிருப்பீங்க, கீழ ஒருத்தங்க மத்தியான வெயில்ல அடிச்சேன் இலையெல்லாம் கருகிடுச்சுன்னு எழுதியிருப்பாங்க, இன்னொருத்தர் வந்து சாயங்காலமா அடிங்க, அதோட எறும்பையும் விரட்டுங்க, அதுதான் பூச்சியை செடிக்குச் செடி தூக்கிட்டுப் போகுதுன்னு சொல்லியிருப்பார். பல வீட்டுல செடி பிழைச்சது அந்த எறும்பு விஷயத்தால கூட இருக்கும். அதை எழுதினவருக்கு உங்க சண்டையில எந்த சம்பந்தமும் கிடையாது, அவரை ஒரு வார்த்தை கேக்காமலேயே அவர் எழுதினதும் போகுது பாருங்க, எனக்கு அதுதான் உறுத்துது. அட்மினுக்கு இதால பெரிசா ஒண்ணும் குறையாது. அடுத்த கோடையில, ஐயோ வெள்ளை வெள்ளையா ஒட்டியிருக்கேன்னு தேடி வர்ற புது ஆளுக்குத்தான் கஷ்டம்.

எதையுமே தொடாதீங்கன்னு சொல்லல. வீட்டு வாசல் தெரியற போட்டோ, குழந்தைங்க படம், விதை அனுப்பறதுக்காக போட்ட போன் நம்பர், அட்ரஸ் இதெல்லாம் இன்னிக்கே எடுத்துடுங்க, யார்கிட்டயும் அனுமதி கேக்க வேண்டியதில்ல. சட்டம் பாத்துக்கும்னு மட்டும் இருந்துடாதீங்க. 2023ல நிறைவேறின நம்ம நாட்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துல நம்ம விவரத்தை அழிக்கச் சொல்லிக் கேக்கற உரிமை இருக்கு, ஆனா நாமளே பொதுவுல போட்ட விவரத்துக்கு இந்தச் சட்டம் பொருந்தாதுன்னு 3வது பிரிவுலயே சொல்லிட்டாங்க.

மத்த பதிவையெல்லாம் முதல்ல உங்களுக்குன்னு ஒரு காப்பி எடுத்து வச்சுக்கங்க, அப்புறம் அங்கயே விட்டுட்டு வந்துடுங்க. அந்த அட்மின் இருக்கற இடத்துல என் பேரே இருக்கக் கூடாதுன்னு மனசு ஒத்துக்கவே மாட்டேங்குதுன்னா, அதுவும் எனக்குப் புரியுது. அப்படின்னா ஒரு வாரம் முன்னாடியே குழுவுல சொல்லிடுங்க, வேணுங்கறவங்க எடுத்து வச்சுக்கட்டும், கீழ எழுதினவங்களும் தங்களோடதை காப்பி பண்ணிக்கட்டும். ராத்திரியோட ராத்திரியா மட்டும் செய்யாதீங்க.

கேள்வி (சாஃப்ட்வேர் வேலையில இருக்கற வாசகர், சென்னை): யார் வேணும்னாலும் எடுத்துக்கலாம்னு ஓப்பன் சோர்ஸா நான் எழுதிப் போட்ட புரோகிராமை பெரிய கம்பெனிங்க எல்லாம் சும்மா எடுத்து யூஸ் பண்றாங்க, ஒரு நன்றி கூட கிடையாது. மொத்தத்தையும் தூக்கிட்டுப் போயிடலாம் போல இருக்கு. தப்பா மேடம்?

பதில்: உங்க வருத்தம் நியாயமானது தம்பி. ஆனா 2016 மார்ச்ல நடந்ததை ஒரு தடவை நினைச்சுப் பாருங்க. அஸெர் கோச்சுலுன்னு ஒரு டெவலப்பர், ஜாவாஸ்கிரிப்ட்ங்கற கம்ப்யூட்டர் மொழியில எழுதின ரெடிமேட் புரோகிராம் துண்டுகளை, அதாவது பேக்கேஜ் எல்லாம் சேத்து வைக்கற என்பிஎம்ங்கற இடத்துல கிக்னு ஒண்ணு வச்சிருந்தார், அதே பேர்ல இருந்த மெசேஜிங் கம்பெனி அந்தப் பேரைக் கேட்டுது, இவர் முடியாதுன்னார், என்பிஎம் பேரைத் தூக்கி கம்பெனிக்குக் கொடுத்துடுச்சு. மனுஷன் மனசு வெறுத்துப்போய் தன்னோட 250க்கும் மேல இருந்த பேக்கேஜ் அத்தனையும் எடுத்துட்டார். அதுல ஒண்ணுதான் லெஃப்ட்-பேட், மொத்தமே 11 வரி, ஒரு சொல்லுக்கு இடதுபக்கம் இடைவெளியோ சைபரோ சேர்க்கறதுதான் அதோட வேலை. ஆனா பேபல் மாதிரி டெவலப்பருங்க யூஸ் பண்ற பெரிய டூல் எல்லாம் உள்ளுக்குள்ள அதை நம்பி இருந்ததால ஊர் உலகத்துல எங்கெங்கயோ பில்டு, அதாவது சாஃப்ட்வேரை ஒண்ணு சேத்துத் தயார் பண்ற வேலை, நின்னுபோச்சு. கடைசியில என்பிஎம்மே அவர் எடுத்த பழைய வெர்ஷனை திரும்பப் போட்டுது.

கோச்சுலு மேல எனக்கு இன்னிக்கும் பரிவு உண்டு, பேரைப் பறிச்ச விதம் சரியே இல்ல. ஆனா அன்னிக்கு ஸ்க்ரீன் முன்னாடி முழிச்சுட்டு உக்காந்திருந்தவங்கள்ல பெரும்பாலானவங்க உங்களை மாதிரி சம்பளத்துக்கு வேலை பாக்கறவங்கதான். போன பேரும் அவருக்குத் திரும்பி வரல. அதுக்கப்புறம் அந்த வருஷமே என்பிஎம் ரூலை மாத்திடுச்சு, போட்டு 24 மணி நேரம் தாண்டினதை இஷ்டத்துக்கு எடுக்க முடியாதுன்னு. இவருக்கு இருந்த சுதந்திரம் அடுத்து வந்தவங்களுக்கு இல்லாம போச்சு, அதான் எனக்கு வருத்தம்.

ஏற்கனவே ஓப்பன் லைசென்ஸ்ல வெளியிட்டதை எடுத்தவங்ககிட்டேர்ந்து பிடுங்க பொதுவா வழி கிடையாது. ஆனா அடுத்த வெர்ஷன்லேர்ந்து லைசென்ஸை, அதாவது யார் எப்படி யூஸ் பண்ணலாம்ங்கற நிபந்தனையை மாத்தலாம், முழுக்க நீங்களே எழுதினதா இருந்தா அது உங்க கையில. இல்ல போதும்டா சாமின்னா, புரோகிராமைப் போட்டு வைக்கற கிட்ஹப் தளத்துல ஆர்க்கைவ் பண்ணிடுங்க, யாரும் மாத்த முடியாது, படிக்கலாம் எடுத்துக்கலாம். பொறுப்பா ஒருத்தர் கேட்டா ஒப்படைச்சுடுங்க.

கேள்வி (ஒரு வாசகர், திருநெல்வேலி): எங்க குழுவுல நிறைய எழுதிட்டிருந்த ஒருத்தர் திடீர்னு எல்லாத்தையும் அழிச்சுட்டுப் போயிட்டார். என்கிட்ட சிலதுக்கு ஸ்க்ரீன்ஷாட் இருக்கு. திரும்பப் போடலாமா?

பதில்: அவரைக் கேக்காம அப்படியே போடாதீங்க. அதுல இருக்கற தகவல் யாருக்கும் சொந்தமில்ல, அதை உங்க வார்த்தையில எழுதலாம். அவர் எழுதின நடையும் சொன்ன விதமும்தான் அவரோடது.

ஆனா நீங்க கேக்காத ஒண்ணைச் சொல்றேன். அமெரிக்காவுல 1985ல ஆரம்பிச்ச வெல்னு ஒரு இடம், இன்டர்நெட் வீட்டுக்கு வீடு வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே ஜனங்க மோடம் போட்டு உக்காந்து பேசின இடம். அதுல ஓயாம எழுதிட்டிருந்த ஒருத்தர் 1990ல, தன் எழுத்தையெல்லாம் தேடித் தேடி அழிக்கற ஒரு புரோகிராமை ஓட விட்டு பல வருஷத்து எழுத்தை இல்லாம பண்ணிட்டார். பழைய பேச்செல்லாம் பாதி ஆள் பேசற மாதிரி ஆகிப்போச்சு. அதுக்கப்புறம் சில வாரத்துல அவர் தன் உயிரையே மாய்ச்சுக்கிட்டார். கூடப் பழகின ஹோவர்ட் ரீங்கோல்ட் 1993ல வந்த தன் புத்தகத்துல இதை எழுதியிருக்கார்.

அழிச்சுட்டுப் போற எல்லாரும் அப்படின்னு நான் சொல்லவே இல்ல, பெரும்பாலும் கோவமா இருக்கும், சலிப்பா இருக்கும், வேற வேலை தேடறதுக்காகக் கூட இருக்கலாம். ஆனா நிறைய பேசின ஆள் ஒரே நாள்ல ஒண்ணுமில்லாம பண்ணிட்டுப் போனா, நாம எழுத்தைத் தேடறதுக்கு முன்னாடி ஆளைத் தேடணும். குழுவுல யார்கிட்டயாவது அவர் நம்பர் இருக்கும், வாங்கி இன்னிக்கே கூப்பிடுங்க. ஏன் அழிச்சீங்கன்னு ஆரம்பிக்காதீங்க, எப்படி இருக்கீங்க அண்ணே, சாப்டீங்களான்னு கேளுங்க. ஸ்க்ரீன்ஷாட் பேச்சை இன்னொரு நாளைக்கு வச்சுக்கலாம்.