முறம் பிடித்த பையன்

கேள்வி: நான் ஒரு தொடக்கப் பள்ளியின் தலைமையாசிரியை. பிள்ளைகள் ஒருவருக்கொருவர் ஆதரவாக, அன்பாக இருக்கிற பள்ளியாக எங்கள் பள்ளி மாற வேண்டும் என்று இரண்டு வருடமாகப் பாடுபடுகிறேன். அன்பு வாரம் நடத்தினோம், நல்ல காரியம் செய்கிற பிள்ளைக்கு நட்சத்திரம் கொடுக்கிறோம், சுவர் முழுக்க வாசகங்கள். ஆனாலும் யாரும் யாரையும் சேர்த்துக்கொள்வதில்லை. இரண்டாம் வகுப்பில் புதிதாக வந்த ஒரு பையன் இடைவேளை முழுக்கப் பெருக்குகிற அம்மாவின் பின்னாலேயே முறத்தைப் பிடித்துக்கொண்டு திரிந்தான். வேலை நேரத்தில் பிள்ளைகளோடு பேசக் கூடாது என்று அவரிடம் சொல்லி நிறுத்த வேண்டியதாகிவிட்டது. வீட்டில் கற்றுத் தராததைப் பள்ளி மட்டும் எப்படித் தர முடியும்?

பதில்: உங்கள் முழுக் கடிதத்தில் அன்பு வாரத்துக்கு ஒரு பக்கம் இருக்கிறது. அந்தப் பையனுக்கு ஒரே ஒரு வாக்கியம். எனக்கு அது போதும்.

புதுப் பள்ளி, தெரிந்த முகம் ஒன்றும் இல்லை, விளையாட யாரும் கூப்பிடவில்லை. அந்தப் பிள்ளை அழுது ஆர்ப்பாட்டம் பண்ணாமல், தன்னைத் துரத்தாத ஒரு பெரிய மனுஷியைத் தானாகவே தேடிக் கண்டுபிடித்திருக்கிறான். அவரும் விரட்டாமல், இந்தா பிடி என்று கையில் ஒரு முறத்தைக் கொடுத்திருக்கிறார். அவர் குப்பையைத் தள்ளத் தள்ள இவன் குனிந்து முறத்தைச் சாய்த்துப் பிடித்திருப்பான். உனக்கு இங்கே ஒரு இடம் இருக்கிறது, ஒரு வேலை இருக்கிறது என்று அந்தப் பள்ளியில் அவனிடம் சொன்ன ஒரே ஆள் அவர்தான். இரண்டு வருடமாக நீங்கள் தேடுவது உங்கள் வராந்தாவிலேயே நடந்துகொண்டிருந்தது, அதைப் போய் நிறுத்திவிட்டீர்களே அம்மா!

கோபமாகத்தான் எழுதுகிறேன். இதே கடிதம் வேறு வேறு கையெழுத்தில் எனக்கு எத்தனையோ முறை வந்துவிட்டது.

இன்னொன்று. கடிதத்தில் உங்கள் ஆசிரியர்கள் எல்லாருக்கும் பெயர் இருக்கிறது, அவர் மட்டும் ‘பெருக்குகிற அம்மா’. காலையில் நீங்கள் யாருக்கு வணக்கம் சொல்கிறீர்கள், யாரை நிமிர்ந்து பார்க்காமலே தாண்டிப் போகிறீர்கள், யாரிடம் பேசும்போது குரல் மாறுகிறது என்பதையெல்லாம் பிள்ளைகள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். யாரைச் சேர்க்கலாம், யாரை ஒதுக்கலாம் என்பதை அவர்கள் சுவரைப் பார்த்துப் படிக்கவில்லை, உங்களைப் பார்த்துப் படிக்கிறார்கள்.

1968ல் ஜேம்ஸ் கோமர் என்ற மனநல மருத்துவர் யேல் பல்கலைக்கழகக் குழுவோடு அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் இரண்டு தொடக்கப் பள்ளிகளில் வேலையைத் தொடங்கினார். படிப்பில் மிகவும் பின்தங்கிய பள்ளிகள். வெளியூரிலிருந்து வந்து சேர்ந்த எட்டு வயதுப் பையன் ஒருவன் வந்ததுமே ஆசிரியையை உதைத்துவிட்டு வகுப்பை விட்டு ஓடினான். அவன் கெட்ட பையன் என்று முடிவு கட்டாமல், முன்பின் தெரியாத இடத்தில் அவனை எப்படி வரவேற்றோம் என்று அவர்கள் யோசித்தார்கள். புதிதாக வருகிற பிள்ளைகளைப் பழக்கிவிட ஒரு ஏற்பாடு வந்தது, ஒரே ஆசிரியரிடம் இரண்டு வருடம் படிக்கிற வழக்கமும் வந்தது. பள்ளியை வழிநடத்தும் குழுவில் ஆசிரியர்கள், பெற்றோர்களோடு பாடம் நடத்தாத ஊழியர்களுக்கும் இடம் கொடுத்தார்கள். உங்கள் கூட்டத்தில் அந்த அம்மாவுக்கு எப்போதாவது நாற்காலி போட்டிருக்கிறீர்களா?

நட்சத்திரத்தைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன், எடுத்துவிடுங்கள். 1973ல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஆசையாகப் படம் வரைந்துகொண்டிருந்த சின்னப் பிள்ளைகளுக்குப் பரிசு தருவதாகச் சொல்லி வரைய வைத்தார்கள். சில நாள் கழித்துப் பார்த்தால் அந்தப் பிள்ளைகள் முன்பு போல வரையவில்லை. நட்சத்திரத்துக்காகக் கையைப் பிடிக்கிற பிள்ளை, நட்சத்திரம் இல்லாத நாளில் பிடிக்குமா?

அப்புறம் அந்தக் கடைசி வரி, வீட்டில் கற்றுத் தரவில்லை என்பது. நான் அதை ஒப்புக்கொள்ள மாட்டேன். பள்ளி வாசலைத் தாண்டி உள்ளே வந்த பிறகு அந்தப் பிள்ளைகளுக்கு வீட்டுப் பெரியவர் நீங்கள்தான். எந்தக் குழந்தை சாப்பிடவில்லை, எது முகம் வாடி உட்கார்ந்திருக்கிறது என்று பார்ப்பது பெரியவரின் கடமை, வேறு யார் தலையிலும் அதைக் கட்ட முடியாது. பெற்றோர் ஒத்துழைப்பதில்லை என்று குறைப்படும் முன் யோசித்துப் பாருங்கள், புகார் சொல்ல அல்லாமல் அவர்களை எதற்காகக் கூப்பிட்டிருக்கிறீர்கள்? அந்தப் பையனின் அம்மாவையோ அப்பாவையோ அழைத்து, உங்கள் பிள்ளைக்கு மற்றவர்களுக்கு உதவுகிற மனசு இருக்கிறது என்று சொல்லுங்கள். அதை நீங்கள்தான் கண்ணால் பார்த்தீர்கள்.

திங்கட்கிழமை காலையில் வேறு எந்த வேலையையும் தொடாதீர்கள். நேராக அந்த அம்மாவிடம் போய், நான் சொன்னது தப்பு என்று சொல்லுங்கள், ஆசிரியர்கள் காதில் விழுகிற மாதிரியே சொல்லுங்கள். இந்தப் பையனைப் பற்றி உங்களுக்கு என்னென்ன தெரியும் என்று கேட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். வகுப்பாசிரியருக்குத் தெரியாததெல்லாம் அவருக்குத் தெரிந்திருக்கும். இடைவேளையில் இன்னும் இரண்டு பிள்ளைகளைக் கூப்பிட்டு அவனோடு ஒரு வேலையில் சேர்த்துவிடுங்கள், நீங்களும் கூட நில்லுங்கள்.

அதன் பிறகு எனக்கு இன்னொரு கடிதம் எழுதுங்கள். அந்த அம்மாவின் பெயரோடு.