12 நாள் கையில் இருந்தால் ஐரோப்பாவில் எத்தனை ஊர் பார்க்கலாம்?

கேள்வி: பெரம்பூரில் வசிக்கிறேன். ஐ.சி.எஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அடுத்த மே மாதக் கடைசியில் நான், மனைவி, மகள் மூவரும் ஐரோப்பா போக ஆசைப்படுகிறோம். 12 நாளில் 8 நாடு காட்டுவதாக ஒரு டிராவல்ஸில் சொல்கிறார்கள். மனைவிக்கு மூட்டுவலி உண்டு. அந்த டூரில் சேரலாமா, நாங்களே திட்டம் போட்டுப் போகலாமா?

பதில்: நீங்களே திட்டம் போட்டுப் போங்கள் ஐயா. அதுவும் இரண்டே ஊர்களில் தங்கி.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 12 நாளில் போக வர விமானத்துக்கு இரண்டு நாள் போய்விடும். மிச்சம் பத்து நாளில் எட்டு நாடு என்றால் பாதி நேரம் பஸ்ஸில்தான். விடிகாலையில் எழுந்து பெட்டியைக் கட்டி அறை வாசலில் வைப்பதும், இரவு வேறு ஊரில் அவிழ்ப்பதுமாக நாள் ஓடும். மூட்டுவலிக்காரருக்குப் பஸ்ஸில் மணிக்கணக்காகக் காலை மடக்கி உட்காருவதைப் போன்ற தண்டனை வேறில்லை. என் பெற்றோரை முதல் முறை இப்படி ஒரு டூரில்தான் அனுப்பினேன். திரும்பி வந்து போட்டோ காட்டிய அம்மாவுக்கு, எது எந்த ஊர் என்று சொல்லத் தெரியவில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

நான் சொல்வது இது: பாரிஸில் 4 இரவு, சுவிட்சர்லாந்தின் லூசர்னில் 6 இரவு. டிக்கெட் எடுக்கும்போது போவது பாரிஸுக்கும் திரும்புவது சூரிக்கிலிருந்தும் இருக்கட்டும். மறுபடி பாரிஸுக்கே திரும்பி வரும் ஒரு நாள் அதில் மிச்சமாகும். பாரிஸிலிருந்து சூரிக்குக்கு நேரடி ரயில் சுமார் 4 மணி நேரம், கிட்டத்தட்ட வந்தே பாரத்தில் பெங்களூரு போகிற நேரம்தான். அங்கிருந்து லூசர்ன் ஒரு மணி நேரத்துக்குள்.

லூசர்னை ஏன் சொல்கிறேன் என்றால், உங்களுக்கு அது பாதி சொந்த ஊர் மாதிரி. 1955 அக்டோபர் 2 அன்று தொடங்கிய உங்கள் ஐ.சி.எஃப், சூரிக்குக்குப் பக்கத்து ஊரான ஷ்லீரனில் இருந்த ரயில் பெட்டித் தொழிற்சாலையின் தொழில்நுட்ப உதவியோடு எழுந்தது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அந்தத் தொழிற்சாலை இப்போது இல்லை. ஆனால் லூசர்னில் உள்ள போக்குவரத்து அருங்காட்சியகத்தில் பழைய எஞ்சின்களையும் பெட்டிகளையும் தொட்டுப் பார்க்கும் தூரத்தில் வைத்திருக்கிறார்கள். அதற்கு அரை நாள் ஒதுக்குங்கள், உங்களுக்கு அதுவும் போதாது.

இன்னொரு முழு நாள் ரிகி மலைக்கு. லூசர்னிலிருந்து ஏரியில் படகேறி சுமார் ஒரு மணி நேரத்தில் விட்ஸ்னாவ் என்ற கிராமத்தில் இறங்கினால், அங்கேயே சிவப்பு நிறப் பல்சக்கர ரயில் நிற்கும். 1871-இல் ஓடத் தொடங்கியது, ஐரோப்பாவின் முதல் பல்சக்கர மலை ரயில். நம் ஊட்டி ரயிலின் பழைய நீராவி எஞ்சின்களும் சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரில் செய்யப்பட்டவைதான் என்பதை மனதில் வைத்துக்கொண்டு அதில் ஏறிப் பாருங்கள். உச்சிக்குப் பக்கம் வரை ரயில் போவதால் உங்கள் மனைவி படியேறவே வேண்டாம். எல்லோரும் போகச் சொல்லும் யுங்ஃப்ராவ்யோக் என்னும் பனிமலைப் பகுதி 3,454 மீட்டர் உயரம். காற்று மெலிந்திருக்கும். ரத்த அழுத்தமோ இதயக் கோளாறோ இருந்தால் டாக்டரைக் கேட்காமல் போகாதீர்கள். செலவும் அதிகம்.

சுவிஸ் டிராவல் பாஸ் 6 நாளுக்கு எடுத்தால் ரயில், பஸ், ஏரிப் படகு, ரிகி ரயில் எல்லாம் அதிலேயே அடங்கும். யுங்ஃப்ராவ்யோக்குக்குத் தள்ளுபடி மட்டும்தான். பெர்ன், இன்டர்லாக்கன் இரண்டுக்கும் லூசர்னிலிருந்தே காலையில் போய் மாலையில் திரும்பலாம்.

பாரிஸில் மெட்ரோவைவிடப் பஸ் நல்லது. மெட்ரோ நிலையங்கள் பலவற்றில் ஏறி இறங்கப் படிகள்தான். ஹோட்டல் பிடிக்கும்போதும் லிஃப்ட் இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள், பழைய கட்டடங்களில் இருக்காது. லூவ்ர் அருங்காட்சியகத்துக்குச் செவ்வாய் விடுமுறை. ஈஃபில் கோபுரத்தின் லிஃப்ட் டிக்கெட்டை 60 நாள் முன்பே இணையத்தில் எடுக்கலாம். மே கடைசியில் இரவு ஒன்பதரை வரை வெளிச்சம் இருப்பதால் மதியம் அறைக்கு வந்து காலை நீட்டிப் படுத்துவிட்டு மறுபடி கிளம்பலாம்.

சாப்பாட்டுக்குப் பயப்பட வேண்டாம். பாரிஸில் லா சப்பல் பகுதிக்குப் போனால் ஈழத் தமிழர்களின் கடைகள் வரிசையாக இருக்கின்றன, தமிழிலேயே பேசி இட்லி, தோசை சாப்பிடலாம். லூசர்னில் சமையலறை உள்ள வீடாகப் பிடியுங்கள். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். பெரிய ரயில் நிலையங்களுக்குள் இருக்கும் கடைகள்தான் கைகொடுக்கும். பருப்புப் பொடி கொண்டு போங்கள். நெய், பால்கோவா வேண்டாம். பால், இறைச்சிப் பொருட்களை உள்ளே கொண்டுவர அனுமதியில்லை.

இனி விசா. இதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசா ஒன்று போதும், இரண்டு நாட்டுக்கும் செல்லும். ஆனால் முதலில் இறங்குவது பிரான்ஸ் என்பதற்காக பிரான்ஸ் விசாவுக்கு விண்ணப்பிக்கக் கூடாது. அதிக நாள் தங்கும் நாட்டின் விசாவுக்குத்தான் விண்ணப்பிக்க வேண்டும். உங்களுக்கு அது சுவிட்சர்லாந்து. பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாள் முன்பாகவாவது கொடுத்தாக வேண்டும் என்பது விதி. அவ்வளவு தள்ளிப் போடாதீர்கள், கோடை விடுமுறைக்குச் சென்னையே கிளம்பும், அப்பாயின்ட்மென்ட் கிடைப்பது குதிரைக்கொம்பு. ஜனவரியிலேயே கொடுத்துவிடுங்கள்.

பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம். அதில் மூட்டுவலி, சர்க்கரை எதையும் மறைக்காமல் எழுதுங்கள், மறைத்தால் பிறகு பணம் தர மறுப்பார்கள். பென்ஷன் ஆவணமும் வங்கிக் கணக்கும் சீராக இருந்தால் போதும். விண்ணப்பிக்கும் முன் யாரிடமாவது வாங்கி மொத்தமாகப் பணம் போட்டுக் காட்டாதீர்கள், அதுதான் சந்தேகத்தைக் கிளப்பும்.

அப்புறம், மூன்று பாஸ்போர்ட்டையும் இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். திரும்பும் தேதிக்குப் பிறகு மூன்று மாதமாவது செல்லுபடியாக வேண்டும், இரண்டு பக்கம் காலியாக இருக்க வேண்டும். இல்லையென்றால் புதுப்பிக்கக் கொடுத்துவிட்டு மற்ற வேலையைத் தொடங்குங்கள்.