மாணவனின் நடத்தைக்கு ஆலோசகர் ஏன் ஆசிரியரோடு பேச வேண்டும்?

"என் வகுப்பில் ஒரு மாணவன் நாள்தோறும் பாடத்தைக் குலைக்கிறான். பள்ளி ஆலோசகரோ அவனை விட்டுவிட்டு என்னோடு உட்கார்ந்து பேச வேண்டும் என்கிறார். இதனால் என்ன பயன்?" என்று கேட்டிருக்கிறீர்கள். பிள்ளை செய்யும் குறும்புக்கு உங்களை விசாரிக்கிறார்கள் என்று உங்களுக்குப் பட்டிருக்க வேண்டும். நான் 11 ஆண்டுகளாகப் பள்ளி ஆலோசகராக இருக்கிறேன். இதே எரிச்சலை ஓர் ஆசிரியையிடம் நானே கிளப்பிவிட்டிருக்கிறேன் என்பதால்தான் எழுதுகிறேன்.

ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன் கணிதப் பாடவேளையில் மேசையைத் தட்டுவான், அடுத்தவனின் அளவுகோலைப் பிடுங்குவான், கடைசியில் வெளியே அனுப்பப்படுவான். அவனை ஆறு முறை என் அறைக்கு வரவழைத்துப் பேசினேன். என் அறையில் அவன் தங்கமான பிள்ளை. இனிமேல் செய்ய மாட்டேன் என்று ஒவ்வொரு முறையும் மனதாரச் சொல்லிவிட்டுப் போவான், மறுநாள் பழைய கதைதான். இதில் வியக்க ஒன்றுமில்லை. என் அறையில் கரும்பலகையும் இல்லை, நாற்பது பேரும் இல்லை, எழுதி முடிக்க வேண்டிய கணக்கும் இல்லை.

பிறகுதான் ஆசிரியையிடம் போனேன், அதையும் தவறாகச் செய்தேன். அவனை வெளியே அனுப்பாதீர்கள், நல்லது செய்யும்போது பாராட்டுங்கள் என்று, படித்ததையெல்லாம் பத்து நிமிடத்தில் கொட்டித் தீர்த்தேன். 22 ஆண்டு அனுபவம் உடைய அவர், திருத்திக்கொண்டிருந்த விடைத்தாளிலிருந்து தலையை நிமிர்த்தாமல், "நாளை நான்காம் பாடவேளைக்கு வந்து கடைசி வரிசையில் உட்காருங்கள், பிறகு பேசலாம்" என்றார்.

உட்கார்ந்தேன். ஒரு தாளில் மூன்று பத்திகள் வரைந்து, நடத்தைக்கு முன் என்ன நடந்தது, அவன் என்ன செய்தான், அதன் பின் என்ன நடந்தது என்று குறித்துக்கொண்டே வந்தேன். வாய்மொழியாகக் கேட்ட கேள்விகளுக்குக் கை தூக்கினான், இரண்டுக்குச் சரியான விடையும் சொன்னான். பலகையிலுள்ள ஐந்து கணக்குகளை எழுதிக்கொண்டு செய்யுங்கள் என்றதும் பேனா மூடியைக் கழற்றி மாட்டி, மறுபடி கழற்றி மாட்டி, தேதியை மட்டும் எழுதிவிட்டு, முன்னால் இருந்தவனின் சட்டைக் காலரை இழுத்தான். இரண்டு எச்சரிக்கைகளுக்குப் பின் வெளியேற்றம். மூன்று நாள்களில் நான் குறித்த 11 நிகழ்வுகளில் ஒன்பது, பலகையைப் பார்த்து எழுதச் சொன்ன உடனே நடந்தவை. பிள்ளைகள் கவனத்தைப் பெறவோ, ஒரு வேலையிலிருந்து தப்பவோ, விரும்பிய பொருளுக்காகவோ, உடலுக்குக் கிடைக்கும் ஏதோ ஓர் உணர்வுக்காகவோ இப்படி நடந்துகொள்வதுண்டு. இவன் எழுத்து வேலையிலிருந்து தப்பிக்கொண்டிருந்தான். நாங்கள் தண்டனை என்று நினைத்து அவனை நடைகூடத்துக்கு அனுப்பிய ஒவ்வொரு முறையும் அவன் கேட்டதையே கொடுத்திருக்கிறோம்.

இம்முறை அறிவுரை எதுவும் சொல்லாமல் தாளை மட்டும் நீட்டினேன். படித்துவிட்டு, "அப்படியானால் அவனுக்கு விடுமுறை கொடுத்துக்கொண்டிருந்தது நான்தானா?" என்று சிரித்தார். இடைவேளை வேண்டும்போது அவன் காட்டுவதற்கு ஒரு வண்ண அட்டை கொடுக்கலாம் என்றேன். மறுநாளே நாற்பது பேரும் அட்டை கேட்பார்கள் என்று அதைத் தள்ளிவிட்டார். கணக்குகளை முன்கூட்டியே தாளில் அச்சிட்டுத் தருவது, மூன்றை முடித்துக் காட்டிய பிறகு மீதி இரண்டைச் செய்வது, தடுமாறினால் பேனா மூடியை மேசையின் மூலையில் வைப்பது என்ற திட்டம் முழுக்க அவருடையது. அந்த மூடி எனக்குத் தோன்றியிருக்கவே இருக்காது.

முதல் வாரத்தில் தொல்லை கூடியது. பழைய வழி பலிக்காதபோது பிள்ளைகள் அதையே இன்னும் வேகமாக முயல்வார்கள் என்று முன்பே சொல்லி வைத்திருந்ததால் அவர் கைவிடவில்லை. ஆறாம் வாரத்தில் வாரத்துக்கு ஒரு முறை என்ற அளவுக்குக் குறைந்தது. பெற்றோர் கண் பரிசோதனை செய்தனர். பார்வை நன்றாகவே இருந்தது, கை எழுதும் வேகம்தான் மிகக் குறைவு. அதற்குத் தனிப் பயிற்சி தேவைப்பட்டது.

இது புதிய முறையும் அன்று. மனநல மருத்துவர் ஜெரால்டு கேப்லன் 1940களின் இறுதியில் இஸ்ரேலில் குடியேறிய சிறார்களிடையே பணிபுரிந்தபோது, தேவை மிகுந்தும் ஆள் குறைந்தும் இருந்ததால், அவர்களைப் பராமரிப்பவர்களோடு பேசத் தொடங்கினார். ஆலோசனை கேட்பவர் ஆலோசகருக்குக் கீழானவர் அல்லர், யோசனையை ஏற்கவும் தள்ளவும் அவருக்கு உரிமை உண்டு என்று 1970இல் வெளியான நூலில் வலியுறுத்தினார். இதைப் படித்திருந்தும்தான் நான் அன்று பிரசங்கம் செய்தேன்.

ஆசிரியர் மீதே பழி போடுகிறேன் என்று யாராவது எழுதுவார்கள் என்பது தெரியும். ஆறு சந்திப்புகளை வீணாக்கியவன் நான்தான் என்று மேலேயே ஒப்புக்கொண்டிருக்கிறேன். வீட்டில் துன்புறுத்தல், தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்வது போன்றவற்றில் பிள்ளையிடம் நேரடியாகப் பேசியே ஆக வேண்டும் என்பதையும் மறுக்கவில்லை. என் மனக்குறை வேறு. இந்தப் பேச்சுக்குக் கால அட்டவணையில் ஐந்து நிமிடம்கூட ஒதுக்கப்படவில்லை. நானும் அந்த ஆசிரியையும் மாடிப்படியில் நின்று, அவர் சாப்பிடாமல் விட்ட இடைவேளைகளில்தான் பேசினோம். அப்படிப் பேசியதை நிரூபிக்க நான்கு பக்கப் படிவம் கேட்ட நிர்வாகம், வராத ஆசிரியர்களின் வகுப்பை மேய்க்க மட்டும் என்னை வாரம் மூன்று முறை அனுப்பியது.

உங்கள் ஆலோசகர் வரும்போது, அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே, எந்தப் பாடவேளைக்கு வந்து உட்காரப் போகிறார் என்று கேட்டுவிடுங்கள்.