60 லீற்றர் பெற்றோலும் ஒரு வசனமும்

சரியான தெரிவுகளை எடுத்து, தேவனுக்குக் கணக்குக் கொடுக்க வேண்டும் என்ற பொறுப்போடு ஒரு கிறிஸ்தவர் அன்றாடம் வாழ்வது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். நான் போதகர் இல்லை, கொழும்பு கொட்டாஞ்சேனையில் இருக்கிற ஒரு சாதாரண விசுவாசி. நான் விட்ட ஒரு பிழையைச் சொன்னால்தான் என் பதில் விளங்கும்.

2022 ஆகஸ்ட். இலங்கையில் பெற்றோல் தட்டுப்பாடு, கியூஆர் குறியீட்டைக் காட்டி எரிபொருள் வாங்கும் பங்கீட்டு முறை வந்து, மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர், ஆட்டோவுக்கு 5, காருக்கு 20 என்று அளந்து கொடுத்த நாட்கள். வெளிநாட்டில் இருக்கிற மாமாவின் கார் எங்கள் பொறுப்பில் நின்றது. எனக்கு வேலைக்குப் போய்வர மோட்டார் சைக்கிள் போதும். ஆனாலும் கிழமை தவறாமல் காருக்கு 20 லீற்றர் அடித்து, அதில் 15 லீற்றரைக் குழாய் போட்டு இறக்கி, எங்கள் ஒழுங்கையில் ஆட்டோ ஓடுகிற மூன்று பேருக்கு விற்றேன். பெற்றோல் செட்டில் லீற்றர் 450 ரூபாய், நான் அவர்களிடம் வாங்கியது 900. நாலு கிழமையில் 60 லீற்றர், 27,000 ரூபாய் லாபம்.

மனம் குத்தாமல் இல்லை. ஆனால் பக்கத்திலேயே பதிலும் இருந்தது: நாட்டையே கடனில் மூழ்கடித்தவர்கள் இருக்கிறார்கள், ஜூலையில் சனம் ஜனாதிபதி மாளிகைக்குள்ளேயே புகுந்துவிட்டது, இதில் என்னுடைய 15 லீற்றர் என்ன பெரிய பாவம்? அப்படி நினைத்துக்கொண்டு ஞாயிறு ஆராதனைக்கும் போய்வந்தேன்.

ஒரு ஞாயிறு வேதாகமத்தில் ரோமர் 14 வாசித்தார்கள். "நம்மில் ஒவ்வொருவனும் தன்னைக்குறித்துத் தேவனுக்குக் கணக்கொப்புவிப்பான்." பலமுறை கேட்ட வசனம்தான், அன்றைக்கு 'தன்னைக்குறித்து' என்ற சொல்லில் மாட்டிக்கொண்டேன். சாப்பாட்டையும் விசேஷ நாட்களையும் வைத்து ஒருவரையொருவர் குற்றம் சொல்லிக்கொண்டிருந்த ஆட்களுக்குத்தான் பவுல் அதை எழுதுகிறார். மற்றவனுடைய கணக்கை நான் கொண்டுபோய்க் கொடுக்கப்போவதில்லை. அமைச்சருடைய கணக்கு அமைச்சருக்கு, 60 லீற்றர் எனக்கு.

வீட்டுக்கு வந்து ஜெபித்தேன், மன்னிப்புக் கேட்டேன். அதோடு முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். முடியவில்லை. எண்ணாகமம் 5-ம் அதிகாரத்தில், ஒருவனுக்குக் குற்றம் செய்தவன் அதை அறிக்கையிட்டு, முதலைத் திருப்பிக் கொடுத்து, அதோடு ஐந்தில் ஒரு பங்கும் கூட்டிக் கொடுக்க வேண்டும் என்று இருக்கிறது. இயேசுவைச் சந்தித்த வரி வசூலிப்பவனான சகேயுவோ, அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் தருகிறேன் என்றான். மோசேயின் நியாயப்பிரமாணம் அப்படியே இன்று நம்மைக் கட்டுமா என்று விவாதிக்கலாம், ஆனால் என் பையில் இருந்தது ஒரு ஆட்டோக்காரருடைய காசு, அதில் என்ன விவாதம்? அப்புறம் ஒன்றை இங்கே சொல்லியே ஆக வேண்டும்: காசைத் திருப்பிக் கொடுத்து மன்னிப்பு வாங்க முடியாது. சகேயு வாய் திறப்பதற்கு முன்பே இயேசு "உன் வீட்டில் தங்க வேண்டும்" என்று சொல்லிவிட்டார். கிருபை முதலில் வந்தது, காசு அதற்குப் பிறகுதான் வெளியே வந்தது.

ஆளுக்கு 20 லீற்றர், கூட எடுத்தது 9,000, ஐந்தில் ஒரு பங்கு 1,800, மொத்தம் 10,800. முதலாவது அண்ணன், "தம்பி, அந்த நேரம் நீ தந்ததே பெரிய உதவி, இதெல்லாம் எதுக்கு?" என்று வாங்க மறுத்தார். பிறகு பிளேன்டீ குடிக்கும்போதுதான் சொன்னார், அந்த மாதம் மனைவியின் காப்பை அடகு வைத்துத்தான் என்னிடம் பெற்றோல் வாங்கினாராம். நான் ஒன்றும் பேசவில்லை, காசை அவர் கையில் வைத்துவிட்டு வந்தேன். அதனால்தான் இப்போது ஒரு தெரிவு எடுக்கும்போது 'இது பாவமா, இல்லையா' என்று மட்டும் கேட்பதில்லை, இதற்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்று ஒரு ஆளின் பெயரைத் தேடிப் பார்க்கிறேன். பெயர் கிடைத்தால் பெரும்பாலும் விடையும் கிடைத்துவிடும். பிறகு மனைவியிடம் சொல்லிவிடுவேன். அவளிடம் சொல்லக் கூசுகிற ஒன்றைத் தேவனிடம் நியாயப்படுத்த எனக்கு முடியாது.

எல்லாத் தெரிவுக்கும் இது பொருந்தாது. நாட்டை விட்டுப் போவதா இருப்பதா, எந்த வேலையை எடுப்பது என்பதெல்லாம் பலநேரம் இரண்டு பக்கமும் சரியாகவே இருக்கும். ஜெபித்து, பெரியவர்களிடம் கேட்டு, முடிவெடுங்கள். அதில் ஒன்று மட்டும்தான் தேவசித்தம் என்று பயந்து வருடக்கணக்காக நிற்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது.

இரண்டாவது ஆள் பேசாமல் வாங்கிக்கொண்டார். மூன்றாவது ஆள் அதற்குள் ஆட்டோவை விற்றுவிட்டு ஊர்ப்பக்கம் போய்விட்டார், நம்பரும் வேலை செய்யவில்லை. அதே எண்ணாகமப் பகுதியில், வாங்கிக்கொள்ள ஆளில்லாவிட்டால் அது கர்த்தருக்குச் சேரும் என்று இருக்கிறது. அந்த 10,800-ஐச் சபையின் ஏழைகள் நிதியில் போட்டேன். அவர் திரும்பி வந்தால் மறுபடியும் கொடுக்க வேண்டியிருக்கும், அதற்காக ஒரு தொகையைத் தனியாக வைத்திருக்கிறேன்.